‘பிறகு’ பொத்தானை ஒழித்தவர்

‘பிறகு’ என்ற பொத்தானை உலகத்திலிருந்தே ஒழித்துவிடுவது என்று நம்மவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சபதம் செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மனைவி அப்போதே நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தடுத்திருப்பாள். போதாத காலம் நுரை வடிவத்தில் வந்தது.

நம்மவருக்கு அலுவலகத்தில் ஜன்னல்காரர் என்று பெயர். மரச் சட்டம், இரும்புக் கம்பி எல்லாம் அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் திடீரென்று எட்டிப் பார்த்து, அப்டேட் வந்திருக்கிறது, போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்குமே ஒரு சின்ன ஜன்னல், அதை வடிவமைக்கிறவர். அவருடைய அலுவலகம், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு வகையைத் தயார் செய்து ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறது. அதை வாங்கிக்கொள்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்கிறவர்கள். அப்டேட்டில் எந்தக் கோப்பு மாறுகிறது, எதற்காக மாறுகிறது, மாற்றியவர் யார் என்பதெல்லாம் தெரியாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. இரண்டாவது ரகம், திரையில் எது முளைத்தாலும் ஈ ஓட்டுவதுபோல் ஓட்டுகிறவர்கள். அவர்கள் கையில் இருக்கும் விசிறிதான் ‘பிறகு’. வருஷக்கணக்கில் ‘பிறகு’, ‘பிறகு’ என்று அழுத்திவிட்டு, ஒருநாள் எல்லாம் படுத்துக்கொண்டதும், "லினக்ஸே இப்படித்தான்" என்பார்கள். நம்மவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் நம்மவர் வீட்டில் ‘பிறகு’ சொல்வதில் மன்னர் அவர்தான்.

அவர் மனைவி எம்பிராய்டரி மெஷின் வைத்து வீட்டிலேயே தொழில் செய்கிறாள். தலையணை உறையில் பூ, பள்ளிச் சட்டையில் சின்னம், துண்டில் பெயர் என்று எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினுக்கு அனுப்பிவிடுவாள். அது டக டக டகவென்று தைத்துத் தள்ளும். கம்ப்யூட்டரும் மெஷினும் இருந்த இடம்தான் சரியில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே குறுகலாக ஒரு நடை. அங்கே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒண்டிக் குடித்தனம். வாஷிங் மெஷின் துணியைப் பிழியத் தொடங்கினால் நடையே ஆடும். ரோஜாவாகத் தொடங்கிய பூ முட்டைக்கோஸாக முடியும். வெளிச்சமும் கிடையாது. நீல நூலுக்கும் கருப்பு நூலுக்கும் வித்தியாசம் பார்க்க அவள் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓட வேண்டும்.

வீட்டிலேயே பெரிய ஜன்னல் உள்ள அறை நம்மவரிடம் இருந்தது. மூன்று திரைகளை வரிசையாக வைத்துக்கொண்டு அதில்தான் அவர் வேலை செய்வார். திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று அந்த ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டு, பகலிலேயே இருட்டாக்கி, உள்ளே உட்கார்ந்துகொண்டு ஜன்னல் ஜன்னலாக வரைந்துகொண்டிருப்பார்.

"ஏங்க, அந்த ரூமை எனக்குக் குடுங்களேன். உங்களுக்கு இருட்டுதானே வேணும்? அது நடையில நிறைய இருக்கு."

"பிறகு பாக்கலாம்மா."

இந்த உரையாடல் அவர்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் அடிப்பதுபோல் தவறாமல் நடக்கும். அடித்து முடித்ததும் இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நிற்க.

சபதம் செய்த மறுநாள், நம்மவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தார். எதிரே குழுத் தலைவி. பக்கத்துக் கட்டத்தில் தாடி. தாடி என்பது ஆளின் பெயரும்தான், ஆளின் பெரும்பகுதியும்தான். தாடியும் ஒரு ஜன்னல் வடிவமைத்திருந்தார். கன்னங்கரேலென்று இருக்கும். அதில் வெள்ளை எழுத்துகள் மேலிருந்து கீழாக மழைபோல் கொட்டும். முதல் ரகத்துக்கு அதைப் பார்த்தால் கண்ணில் நீர் வரும். இரண்டாவது ரகத்துக்கும் வரும், வேறு காரணத்தால்.

"நமக்கு ரெண்டு ஜன்னல் வேண்டாம். தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் ஒரே ஜன்னல்தான்" என்றாள் தலைவி. "உங்களோடதைச் சொல்லுங்க."

நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேல ஒரே ஒரு வரி மேடம். ‘சில சிறு மேம்பாடுகள் தயாராக உள்ளன.’ கீழே பெருசா ‘சரி’. ஓரத்துல பொடியா ‘விவரம்’. தாடி மாதிரி ஆளுங்க அதைக் கண்டுபிடிச்சு உள்ளே போய் சந்தோஷமா இருக்கட்டும். மத்தவங்களுக்கு அது எதுக்கு?"

"‘பிறகு’ன்னு ஒரு பொத்தான் இருந்ததே?"

"ரெண்டே தடவைதான் வரும். மூணாவது தடவை அந்தப் பொத்தானே இருக்காது. ‘சரி’ மட்டும்தான்."

"போட்ட அப்டேட் பிடிக்கலைன்னா பழையபடி திரும்பறதுக்கு?" என்றார் தாடி.

"சாதாரண ஆளுக்கு அது குழப்பம். எடுத்தாச்சு."

தலைவி யோசித்தாள். "இதை நிஜமாவே ஒரு சாதாரண ஆளை உக்கார வெச்சுப் பாக்கணும். யார் உதவியும் இல்லாம அவங்க முடிச்சுட்டா உங்க ஜன்னல். முழிச்சாங்கன்னா தாடியோட ஜன்னல். எது ஜெயிக்குதோ அதுதான் உலகம் பூரா போகும்."

தாடிக்குள் ஒரு புன்னகை தெரிந்தது. நம்மவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டது.

"ஆள் ரெடி மேடம்! என் வீட்டுக்காரியே இருக்கா. கம்ப்யூட்டர்ல பூ வரைவா, அவ்வளவுதான். மத்தபடி ஒண்ணும் தெரியாது. ‘பிறகு’ இருந்தா ‘பிறகு’ம்பா, இல்லைன்னா ‘சரி’ம்பா. எதையும் படிக்கவே மாட்டா. என்னைக் கேட்டா, நம்ம ஜன்னலுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச ஆள்."

கூட்டம் முடிந்து கதவைத் திறந்தார். வாசலில் தரையில் ஒரு காபி டம்ளர் இருந்தது. ஆறி, ஏடு கட்டியிருந்தது. உள்ளே கொண்டுவராமல் ஏன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஏட்டை ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவி வழக்கத்துக்கு மாறாக அவர் வேலையைப் பற்றிக் கேட்டாள். நம்மவருக்கு வாயெல்லாம் பல். தன் ஜன்னலை வரி வரியாக விளக்கினார்.

"அப்போ, என்ன மாறப்போகுதுன்னு முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லுவோம். ‘விவரம்’ அழுத்தினா எல்லாம் இருக்கும். ஆனா எவன் அழுத்தறான்? சுருக்கமா, மெத்து மெத்துனு ஒரு வரி சொல்லிட்டா ஜனங்க சரின்னுடுவாங்க."

"படிக்காம சரின்னு சொன்னா, அது செல்லுமா?"

"ஏன் செல்லாது? சரின்னா சரிதான். கேட்டோம், ஒத்துக்கிட்டாங்க. நம்ம மேல தப்பு இல்லை."

"மாத்தறது எப்படி? அவங்க வேலை கெட்டுப் போகாதா?"

"அதுதான் என் சாமர்த்தியம். பின்னணியில சத்தம் போடாம வேலை ஓடிக்கிட்டே இருக்கும். ஆள் வேற எதையோ பாத்துக்கிட்டிருப்பான். முடிஞ்சதும் ஒரு தடவை மறுதொடக்கம். அணைஞ்சு, திரும்ப உள்ளே வந்தா எல்லாம் புதுசா இருக்கும்."

"எவ்வளவு யோசிச்சிருக்கீங்க!" என்றாள் அவள், கன்னத்தில் கை வைத்து. அந்தப் பாராட்டில் நம்மவர் கூடுதலாக ஒரு கரண்டி சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு சோதனையைப் பற்றி நைசாகச் சொன்னார். "சும்மா ஒரு ஜன்னல் வரும், ஒரு பொத்தானை அழுத்தணும். அவ்வளவுதான்." அவளும் நைசாகவே ஒப்புக்கொண்டாள். அன்றைக்கே அவர், அவளுக்குத் தெரியாமல், புது ஜன்னலை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தார். திட்டம் எளிமையானது. சோதனை நாளுக்குள் அவள் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை ‘பிறகு’ அழுத்தித் தீர்த்துவிடுவாள். சோதனையன்று ‘சரி’யைத் தவிர வேறு வழி இருக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு அழுத்தினாலும் வெற்றி. தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அவர் நினைத்தபடியே அவள் இரண்டு தடவை ‘பிறகு’ அழுத்தினாள். எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டார். அவரும் இதற்கிடையில் இரண்டு தடவை ‘பிறகு’ சொன்னதைத்தான் எண்ணவில்லை.

முதல் தடவை, அவர் மூன்று திரைகளிலும் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். "ஏங்க, வீட்டுல சின்னச் சின்ன மேம்பாடு கொஞ்சம் பண்ணலாம்னு இருக்கேன். சரியா?"

"பிறகு, பிறகு."

இரண்டாவது தடவை, அவர் தலைவியோடு போனில் இருந்தபோது. அப்போது வாயால்கூடச் சொல்லவில்லை. ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினார்.

மூன்றாவது தடவை, சோதனையன்று காலையில். அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் நிற்கப் போகிறோம் என்ற பரபரப்பில் நம்மவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலுறையில் ஒன்றைக் கையில் வைத்தபடி இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அந்த இன்னொன்றை நீட்டினாள்.

"அந்தச் சின்ன மேம்பாடு இன்னிக்குத் தயார். சரியா?"

"சரி, சரி."

"விவரம் வேணுமா?"

"ஐயோ, வேண்டாம்மா! எல்லாம் சரி. நீ நேரத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு, அது போதும்."

"அதெல்லாம் உக்காந்துடுவேன். நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க." வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தன் வீட்டு வாசலில் கருவிப் பையோடு சும்மா நின்றுகொண்டிருந்தார். நம்மவர் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் அவள் கம்ப்யூட்டரில் நடப்பதெல்லாம் தெரியும். அவள் முகம் தெரியாது. குரல் போனில் வரும். நம்மவர் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும் என்று தலைவி உத்தரவு போட்டிருந்தாள்.

"மேடம், நாங்க யாரும் உதவி பண்ண மாட்டோம். மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. எதையும் மறைக்காதீங்க" என்றாள் தலைவி, போனில்.

"எதையுமா?"

"எதையும்."

நம்மவர் நாற்காலியில் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டார்.

"சரி. ஜன்னல் வந்திருக்கு. மஞ்சள் கலர்ல இருக்கு. இந்தக் கலரை யார் தேர்ந்தெடுத்திருப்பாங்கன்னு அவர் சட்டையைத் துவைக்கறவளுக்குத் தெரியும்."

அறை முழுவதும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. நம்மவர் தன் சட்டையை நாற்காலிக்குப் பின்னால் ஒளிக்க முடியுமா என்று பார்த்தார்.

"‘சில சிறு மேம்பாடுகள் தயாராக உள்ளன’ன்னு போட்டிருக்கு. என்ன, எதுக்கு, ஒண்ணும் இல்லை. கீழே ‘சரி’ மட்டும் பூசணிக்காய் சைஸுக்கு இருக்கு."

"அழுத்தப் போறீங்களா மேடம்?"

"மாட்டேன். சின்னதா ஒரு மேம்பாடுன்னு ஒருத்தர் சொன்னா, உள்ளே பெருசா ஏதோ இருக்குன்னு அர்த்தம். நானே இன்னிக்குக் காலையில ஒருத்தர்கிட்ட இப்படித்தான் சொல்லி வெச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நம்மவர்தான் உரக்கச் சிரித்தார். எந்த அப்பாவி வாடிக்கையாளர் மாட்டினாரோ என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது போனில் ஏதோ கனமானதை இழுக்கும் சத்தம் கேட்டது. "மெதுவா, மெதுவா, முனை இடிக்குது" என்று தூரத்தில் ஓர் ஆண் குரல்.

"அது என்ன சத்தம் மேடம்?"

"பின்னணியில ஒரு வேலை ஓடிக்கிட்டிருக்கு. அதுபாட்டுக்கு நடக்கும். நீங்க உங்க வேலையைத் தொடர்ந்து செய்யலாம்."

தலைவி அசந்து போனாள். "எவ்வளவு அழகாச் சொன்னாங்க! இந்த வாசகத்தை அப்படியே நம்ம ஜன்னல்ல போடலாம் போலிருக்கே!" நம்மவர் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களைப் பெருமையோடு பார்த்தார். யாருடைய மனைவி!

"ஓரத்துல எறும்பு மாதிரி ஏதோ இருக்கு" என்றது குரல். "‘விவரம்’. ஊசியில நூல் கோக்கற கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது." அழுத்தினாள். திரையில் மாறப்போகிற கோப்புகளின் பெயர்கள் அருவியாகக் கொட்டின. நம்மவர் கண்ணை மூடிக்கொண்டார். தாடி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"அம்மாடி! ‘லிப்’, ‘லிப்’, ‘லிப்’னு எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்குது. ஒரே குடும்பம் போல. எல்லாருக்கும் ஒரே இனிஷியல். இவங்க யாரும் எனக்குச் சொந்தம் இல்லை, தாண்டிப் போறேன்... போறேன்... ஆங், இங்கே பாருங்க. ‘முடிந்தவுடன் கணினி தானாக மறுதொடக்கம் ஆகும்.’ இதைக் கொண்டுபோய் அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்களே, நியாயமா? மெஷின்ல ஒரு யானை ஓடிக்கிட்டிருக்கு. பள்ளிக்கூடச் சின்னம். உடம்பு ஆச்சு, காது ஆச்சு, தும்பிக்கை இன்னும் வரலை. நான் படிக்காம சரின்னு அழுத்தியிருந்தா, நாளைக்கு அந்தப் பசங்க பன்னி போட்ட சட்டையோட பள்ளிக்கூடம் போயிருக்கும்."

தலைவி முன்னால் சாய்ந்தாள்.

"அப்போ தள்ளிப் போடலாமேன்னு பாக்கறேன். ‘பிறகு’ங்கற பொத்தானைக் காணோம். ரெண்டு தடவை இருந்தது. இப்போ வழியை அடைச்சுட்டாங்க. கேக்கற மாதிரி கேட்டுட்டு, வேற பதிலே இல்லாம பண்றது ஒரு சாமர்த்தியம்தான்."

"இப்போ என்ன பண்ணுவீங்க மேடம்?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பொத்தான் இல்லைன்னா என்ன? அழுத்தாம உக்காந்திருந்தா அதுவே ‘பிறகு’தானே?"

ஊரில் உள்ள ‘பிறகு’ பொத்தானையெல்லாம் ஒழிக்கக் கிளம்பியவர் கடைசி வரிசையில் தானும் ஒரு ‘பிறகு’வில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவி, வடிவமைத்தவர்கள், தாடி, எல்லாருமாகச் சேர்ந்து ஒரு யானைக்குத் தும்பிக்கை முளைப்பதற்காகக் காத்திருந்தார்கள். போனில் டக டக டகவென்று தையல் ஓடியது. நடுநடுவே ஏதோ இழுபட்டது. ஒருமுறை திருப்புளி விழுந்தது.

"வந்துடுச்சு, தும்பிக்கை!" அலுவலகம் கை தட்டியது. "இப்போ ‘சரி’."

திரை அணைந்தது. "போனைக் கொஞ்சம் வெச்சுட்டு வரேன்" என்று குரலும் போயிற்று. எல்லாரும் காத்திருந்தார்கள். காத்துக்கொண்டே இருந்தார்கள்.

"மறுதொடக்கத்துக்கு இவ்வளவு நேரமா?" என்றார் தாடி. "என் ஜன்னல்னா இதுக்குள்ள ரெண்டு தடவை வந்திருக்கும்."

நம்மவருக்கு வியர்த்துக் கொட்டியது. தன் ஜன்னலில் எங்கே தாமதம், எந்த வரியில் கோளாறு என்று மனசுக்குள் தேடித் தேடிக் களைத்தார். உலகம் முழுக்கக் கருப்பு ஜன்னல் பரவுவதைக் கண்ணால் கண்டார். கடைசியில் ஒருவழியாகத் திரை மினுக்கியது. ‘எல்லாம் முடிந்தது’ என்று மஞ்சளில் எழுத்து வந்தது.

"வந்துடுச்சுங்க" என்றது குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி. "அடடா, என்ன வெளிச்சம்! நூல் கலரெல்லாம் பளிச்சுனு தெரியுது!"

தலைவி திரும்பினாள். "திரை வெளிச்சத்தைக்கூடத் திருத்தியிருக்கீங்களா?"

நம்மவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். ஆனால் வருகிற பாராட்டை வாசலோடு திருப்பி அனுப்பும் ஆள் அவர் இல்லை. "ஆமா மேடம். கொஞ்சம் கை வெச்சேன்."

"வேற ஏதாவது சேக்கணுமா மேடம்?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள் தலைவி.

"பழையபடி திரும்பற பொத்தான் ஒண்ணு வையுங்க. விவரம் கேக்காம சரின்னு சொல்லிட்டு அப்புறம் முழிக்கறவங்க பாவம், இல்லையா?"

"அடுத்த பதிப்புல கட்டாயம் வரும்."

"அடுத்த பதிப்புலதானே? இப்போ கிடையாதே?"

"இப்போ கிடையாது."

"ரொம்ப சந்தோஷம்" என்று போனை வைத்தாள்.

தீர்ப்பு நம்மவர் பக்கம் வந்தது. யார் உதவியும் இல்லாமல் ஒரு சாதாரண ஆள் அப்டேட்டை முடித்துவிட்டாள், ஆகவே ஜன்னல் அவருடையதுதான். ஆனால் வேலையை நிறுத்துகிற சங்கதி எதுவானாலும் முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும். ‘விவரம்’ கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்க வேண்டும். ‘பிறகு’ எப்போதும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் நம்மவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் உலகத்து லினக்ஸ் திரைகளிலெல்லாம் தன் மஞ்சள் ஜன்னல் எட்டிப் பார்க்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார். தாடிகூடக் கை குலுக்கி, "உங்க வீட்டம்மாவை எங்க பக்கம் விட்டுடுங்க. லிஸ்ட்டைக் கடைசி வரைக்கும் படிச்ச முதல் ஆள் அவங்கதான்" என்று சொல்லியிருந்தார்.

வாசலில் மனைவி சிரித்த முகமாக நின்றாள். நம்மவர் வெற்றியைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"மேம்பாடு முடிஞ்சுது. நடைமுறைக்கு வரணும்னா நீங்க ஒரு தடவை வெளியே போய்ட்டு உள்ளே வரணும். அதான் வந்துட்டீங்களே. வாங்க."

நம்மவர் நேராகத் தன் அறைக்குப் போனார். திரைச்சீலை இல்லை. ஜன்னல் இரண்டு கதவையும் திறந்துகொண்டு ஹோவென்று சிரித்தது. வெயில் தரையெல்லாம் பரவியிருந்தது. அவர் மேசை இருந்த இடத்தில் எம்பிராய்டரி மெஷின், பக்கத்தில் அவள் கம்ப்யூட்டர், சுவரில் வரிசையாக நூல் கண்டுகள். மெஷினில் அடுத்த யானை ஓடிக்கொண்டிருந்தது. இதற்குத் தும்பிக்கைதான் முதலில் வந்திருந்தது.

"என்... என் மேசை?"

"நடையில இருக்கு. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனும் அவர் வீட்டம்மாவும் வந்து எல்லாத்தையும் மாட்டிக் குடுத்தாங்க. மூணு திரையும் வேலை செய்யுது. ஒரு ஒயர்கூட மாறலை. வேணும்னா பாருங்க."

"அப்போ அந்தச் சத்தம்?"

"பின்னணி வேலை."

"மறுதொடக்கத்துக்கு அவ்வளவு நேரம் ஆச்சே?"

"மெஷின் கனம் இல்லையா?"

"அந்த வெளிச்சம்..." என்று தொடங்கிய நம்மவர், அந்த வெளிச்சத்துக்குத் தான் பாராட்டு வாங்கியது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். வேறு பக்கமாகத் தாக்கினார். "என்னைக் கேக்காம எப்படிம்மா நீ?"

"கேட்டேனே. மூணு தடவை கேட்டேன். ரெண்டு தடவை ‘பிறகு’ன்னீங்க. மூணாவது தடவை ‘சரி’ன்னீங்க. விவரம் வேணுமான்னுகூடக் கேட்டேன். வேண்டாம்னீங்க. சரின்னா சரிதான்னு நீங்கதானே சொன்னீங்க?" பிறகு சாதாரணமாக, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி சேர்த்துக்கொண்டாள். "எதைக் காட்டினாலும் படிக்காம சரின்னு சொல்ற ஆள் இந்த வீட்டுல ஒருத்தர் இருக்காங்கன்னு காபி கொண்டு வரும்போது காதுல விழுந்தது. யாருன்னு பாக்கலாம்னு நானும் ஒரு சோதனை வெச்சேன்."

நம்மவர் அசடு வழிய நடைக்குப் போனார். மூன்று திரைகளும் கும்மிருட்டில் ஜம்மென்று ஒளிர்ந்தன. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். வெளிச்சம் அடிக்கவில்லை. சமையலறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஏடு கட்டாமல் ஆவி பறந்தது. உண்மையைச் சொன்னால் இடம் அவருக்குப் பிடித்தே போயிற்று. உண்மையைச் சொல்வதாக அவருக்கு உத்தேசம் இல்லை. அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷின் பிழியத் தொடங்கியது. மூன்று திரையும் சேர்ந்து நடுங்கின. மஞ்சள் ஜன்னல் அவர் கண்ணெதிரே நாலு ஜன்னலாகத் தெரிந்தது.

"ஏம்மா," என்று அறைப் பக்கம் திரும்பி, முடிந்த அளவு பரிதாபமாகக் கேட்டார், "இதைப் பழையபடி மாத்தவே முடியாதா?"

"அந்தப் பொத்தான் சாதாரண ஆளுக்குக் குழப்பம்னு எடுத்தது யாரு? நானே இன்னிக்குத்தான் அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த பதிப்புல வருதாம். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும், சரியா?"

நம்மவர் அக்கம்பக்கம் பார்த்தார். வேறு பொத்தான் எதுவும் கண்ணில் படாததால், "சரி" என்றார்.